தாமிரபரணியும் நகரமும்: திருநெல்வேலி யாருடைய ஊர்?



1999 ஜூலை 23 அன்று கொக்கிரகுளத்தில் உயிரிழந்த பதினேழு பேரின் நினைவாக நாம் இங்கே கூடியிருக்கிறோம். இத்தகைய கூட்டங்களில் அந்த நாளைப் பற்றித்தான் வழக்கமாகப் பேசுவோம். தடியடி, கல்வீச்சு, ஆறு, ஆணையம் என்று அந்த வரிசை நமக்கு மனப்பாடம். இந்த முறை சற்றுப் பின்னால் போய், அந்த நாள் நிகழ்ந்த நகரத்தைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறோம். இந்த ஊர் எப்படி உண்டாயிற்று, எந்த நீரால் வளர்ந்தது, யார் உழைப்பில் நின்றது, அதில் நமக்கு எந்த இடம் தரப்பட்டது? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடாமல் ஜூலை 23-ஐ ஒரு நாளின் விபத்தாகப் பேசினால் அது முழுமையாகாது.

அம்பேத்கர் கிராமத்தை நம்பவில்லை. 1948-ல் அரசியல் நிர்ணய சபையில் அவர் கிராமத்தை ஆட்சியின் அடிப்படை அலகாக ஏற்க மறுத்தார். சாதியின் பிடி நகரத்தில் தளரும் என்ற எதிர்பார்ப்பு தலித் இயக்கங்களுக்கு நெடுங்காலமாக உண்டு. அந்த எதிர்பார்ப்பு ஒரு ஆற்றங்கரை நகரத்தில் எந்த அளவு நிறைவேறியது என்று பார்ப்பதே இந்த உரையின் நோக்கம்.

ஆறு முதலில் வயலுக்கு வந்தது

பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் சேரும் தாமிரபரணி ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடுகிறது. பிறப்பும் முடிவும் தமிழ்நாட்டிற்குள்ளேயே அமைந்த ஆறு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இதற்கு நீர் தருகின்றன. அதனால்தான் கார், பிசானம் என்று இரண்டு போகம் இங்கே சாத்தியமானது. இந்த வட்டாரத்தின் செல்வத்திற்கு இந்த இரண்டு போகமே அடிப்படை.

ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் ஆகிய ஏழும் ஆங்கிலேயருக்கு முற்பட்டவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் கட்டியது. அரியநாயகிபுரத்தில் பிரியும் கோடகன் கால்வாய், பழவூரில் பிரியும் பாளையங்கால்வாய், சுத்தமல்லியில் பிரியும் நெல்லைக் கால்வாய் ஆகிய மூன்றும் இன்றைய மாநகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் ஊடுருவிப் போகின்றன. இந்த நகரத்தின் பழைய வரைபடம் சாலைகளால் ஆனதல்ல. கால்வாய்களாலும் குளங்களாலும் ஆனது.

அணையைக் கட்டிய அரசர் பெயரும் அமைச்சர் பெயரும் வரலாற்றில் இருக்கின்றன. அந்த அணையை ஆண்டுதோறும் காத்தவர்கள் யார்? கால்வாயில் மண் எடுத்தவர்கள், மடை திறந்தவர்கள், கரை உடைந்த இரவில் மூங்கிலும் வைக்கோலும் தூக்கி ஓடியவர்கள் யார்? நம் வட்டாரத்தில் மடைக்குடும்பன் என்ற சொல்லை வயதானவர்கள் இன்னும் சொல்வார்கள். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் என்பதைக் கையளவாலும் கண்ணளவாலும் அறிந்தவர் அவர். நீரின் கணக்கு அவரிடம் இருந்தது, நீரின் உரிமை அவரிடம் இல்லை.

வரலாற்றாய்வாளர் டேவிட் லடன் 1985-ல் வெளியான தமது நூலில் திருநெல்வேலிச் சீமையை நஞ்சை, புஞ்சை, இரண்டும் கலந்த பகுதி என்று பிரித்து ஆராய்கிறார். ஆற்றங்கரை நஞ்சையில் பிராமணர்களும் வேளாளர்களும் நிலத்தின் மீது மிராசு உரிமை கொண்டிருந்தனர். உழுதவர்களும் நட்டவர்களும் பள்ளர், பறையர் என்று அழைக்கப்பட்ட நம் முன்னோர்கள். நிலம் எங்கே செழிப்பாக இருந்ததோ அங்கேதான் அடிமைமுறையும் இறுக்கமாக இருந்தது. வறண்ட நிலத்தில் இருந்தவர் வேறு ஊருக்குப் பெயர்ந்து போக முடியும். நஞ்சையில் ஆளை விட்டால் நடவு நின்றுவிடும், எனவே ஆள் நிலத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டார்.

குடிமராமத்து என்ற சொல்லை இப்போது அரசுத் திட்டங்களில் பெருமையோடு பயன்படுத்துகிறார்கள். ஊர் கூடித் தன் குளத்தைத் தானே பராமரித்த பொற்காலம் என்கிறார்கள். 1858-ல் சென்னை மாகாண அரசு கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. வெள்ளக் காலத்தில் கரை காக்கவும் வழக்கமான மராமத்து செய்யவும் ஆட்களைக் கட்டாயப்படுத்த அது வழிவகுத்தது. ஊர் கூடியது உண்மை என்றால் சட்டத்திற்கு என்ன தேவை? ஊர் கூடியபோது யார் மண்வெட்டியோடு நின்றார், யார் குடையோடு நின்றார் என்பதையும் சேர்த்துத்தான் அந்தச் சொல்லைப் படிக்க வேண்டும்.

மேற்கே கோவில், கிழக்கே கோட்டை

இன்றைய திருநெல்வேலி ஒரே ஊரல்ல. ஆற்றுக்கு மேற்கே ‘டவுன்’ என்று நாம் சொல்லும் பழைய திருநெல்வேலி, கிழக்கே பாளையங்கோட்டை, நடுவே ஜங்ஷன், தெற்கே மேலப்பாளையம், வடக்கே தச்சநல்லூர், மேற்கு ஓரத்தில் பேட்டை. இவை தனித்தனியே பிறந்து பிறகு ஒட்டிக்கொண்ட ஊர்கள்.

டவுனின் மையம் நெல்லையப்பர் கோவில். அதைச் சுற்றி ரத வீதிகள், அவற்றைச் சுற்றிச் சாதிவாரியான தெருக்கள். நஞ்சையின் நெல் கோவிலுக்கு வந்தது, கோவிலிலிருந்து அதிகாரமும் மரியாதையும் பங்கிடப்பட்டன. கோவில் நகரம் என்பது உண்மையில் வயலின் உபரியைச் சேகரித்த இடம். அந்த உபரியை விளைவித்தவர்கள் ரத வீதிக்குள் நுழைய முடியவில்லை. ஆலய நுழைவுக்கு 1939-ல் முதல் சட்டமும் 1947-ல் விரிவான சட்டமும் வந்த பிறகே நிலை மாறத் தொடங்கியது. அதாவது அந்தக் கோபுரத்தை நம் தாத்தாக்களில் பலர் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறார்கள். பாட்டிகள் தேரோட்டத்தை வேறு யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார்கள்.

கிழக்கே பாளையங்கோட்டை வேறு விதமாக வளர்ந்தது. பெயரே சொல்வது போல அது படை இருந்த இடம். 18-ஆம் நூற்றாண்டின் பாளையக்காரர் போர்களில் ஆங்கிலேயருக்கு அது தளமாயிற்று. கட்டபொம்மன் 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டு 1801-ல் தப்பினார். அதே ஆண்டில் சீமை முழுவதும் கும்பினியின் நேரடி ஆட்சிக்கு வந்தது. பிறகு கலெக்டர் அலுவலகம், நீதிமன்றம், சிறை, மிஷன் வளாகங்கள் எல்லாம் ஆற்றின் கிழக்குப் பக்கமே அமைந்தன.

இந்த வரலாற்றை ஒரு முழு நூலாக முதலில் எழுதியவர்களில் பிஷப் கால்டுவெல் முக்கியமானவர். 1881-ல் வெளியான அவரது திருநெல்வேலி வரலாறு 1801-ல் ஆங்கிலேயர் கைக்கு இச்சீமை வந்தது வரை சொல்கிறது. பாண்டியர், நாயக்கர், நவாப், பாளையக்காரர், கும்பினி என்று ஆண்டவர்களின் வரிசை அதில் இருக்கிறது. அரும்பணிதான், மறுக்கவில்லை. ஆனால் ஆண்டவர் மாறிய ஒவ்வொரு முறையும் நாற்று நட்டவர் மாறவில்லை என்ற செய்தி அதில் கிடைக்காது. அதை எழுத வேண்டியது நம் வேலை.

பாலமும் ரயிலும் நகராட்சியும்

1843 வரை இரண்டு ஊர்களுக்கும் நடுவே பாலம் இல்லை. வெள்ளக் காலத்தில் படகுதான். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டிய பாலம் அந்த ஆண்டு திறக்கப்பட்டது. அவர் பெயரிலேயே இன்றும் நிற்கிறது. நன்கொடை பெரிது, பாலமும் பலருக்கும் பயன்பட்டது. இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. அடிமைமுறைக்குச் சட்ட ஏற்பை நீக்கிய ஐந்தாம் சட்டமும் அதே 1843-ல்தான் வந்தது. பாலம் கட்டிய ஆண்டை நகரம் நினைவில் வைத்திருக்கிறது. நம் முன்னோர்களைச் சட்டத்தின் கண்ணில் பண்டமாக இல்லாமல் ஆக்கிய ஆண்டும் அதுவே என்பதை நகரம் சொல்வதில்லை.

சட்டம் வந்ததும் பண்ணையாள் விடுதலை ஆகிவிடவில்லை. கடன் அவரைக் கட்டிவைத்தது. ஆனாலும் வெளியே போக வழிகள் திறந்தன. தூத்துக்குடித் துறைமுகம் வழியாக இலங்கையின் தோட்டங்களுக்குப் போனவர்களில் திருநெல்வேலிச் சீமையின் தலித் மக்கள் ஏராளம். 1876-ல் மணியாச்சி வழியாக ரயில் திருநெல்வேலிக்கு வந்தது. ரயில் நிலையத்தைச் சுற்றி ஜங்ஷன் என்ற புதிய நடுநகரம் முளைத்தது. அங்கே ரத வீதியும் இல்லை, கோட்டையும் இல்லை. கூலி, சுமை, வண்டி, கடை என்று காசுக்கு வேலை. நகரத்தில் நம் மக்கள் முதலில் கால் ஊன்றிய இடங்களில் ஜங்ஷன் ஒன்று. ஒரு மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பேச முடிந்த இடம். வயலில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

1866-ல் திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் தனித்தனி நகராட்சிகள் ஆயின. நகராட்சி என்றால் குடிநீர், விளக்கு, தெரு, துப்புரவு. நவீன நிர்வாகம் தன் துப்புரவுப் பணிக்குப் பழைய சாதியையே ஆள் எடுக்கும் முறையாகக் கொண்டது. மற்ற எந்தத் துறையிலும் விண்ணப்பம், தகுதி, தேர்வு. இந்தத் துறைக்கு மட்டும் பிறப்பே போதும். நகராட்சி கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள் வேலையோடு சேர்ந்தவை, வேலை போனால் வீடும் போகும். கிராமத்துச் சேரி ஊருக்கு வெளியே இருந்தது. நகராட்சிக் காலனி ஊருக்குள்ளேயே இருந்து தனித்திருந்தது. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டங்கள் 1993-லும் 2013-லும் வந்தன. அந்தப் பணியில் எந்தச் சாதியினர் இருக்கிறார்கள் என்று இன்று மாநகராட்சியின் எந்த வார்டில் வேண்டுமானாலும் காலை ஆறு மணிக்கு நின்று பாருங்கள்.

பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் ஒடுக்கப்பட்டோருக்கும் திறந்தவை என்ற தீர்மானம் 1924-ல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் தலித் உறுப்பினர்களின் முயற்சியால் நிறைவேறியது. மகாத் குளத்தில் அம்பேத்கர் நீர் அள்ளியது 1927-ல். ஓடும் ஆற்றுக்குத் தீட்டு இல்லை என்று சாத்திரம் பேசியவர்களும் படித்துறைகளைப் பிரித்தே வைத்திருந்தார்கள். மேலே ஒரு துறை, கீழே ஒரு துறை. எல்லோரும் குளித்துத் துவைத்த நீர் கடைசியாக நம் துறைக்கு வரும்.

பள்ளிக்கூடங்களின் நகரம்

பாளையங்கோட்டைக்குத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்ற பட்டப்பெயர் உண்டு. அந்தப் பெயர் வந்த வழி நமக்கு முக்கியம். கிளாரிந்தா என்ற பிராமண விதவை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே ஒரு தேவாலயம் கட்டினார். ரேனியஸ் 1820-ல் வந்தார். பள்ளிகள், அச்சு, ஆசிரியப் பயிற்சி என்று வேலை பரவியது. பார்வையற்றோர் பள்ளி, செவித்திறனற்றோர் பள்ளி, சாரா தக்கர், தூய யோவான், 1923-ல் தூய சவேரியார் கல்லூரி என்று பட்டியல் நீளும். மேற்குப் பக்கத்தில் இந்துக் கல்லூரி வளர்ந்தது. 1965-ல் மருத்துவக் கல்லூரி, 1990-ல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம்.

தாது வருடப் பஞ்சத்தின்போது, அதாவது 1876 முதல் 1878 வரை, பெரும் எண்ணிக்கையில் மக்கள் திருச்சபைகளில் சேர்ந்தார்கள். கஞ்சிக்காகச் சேர்ந்தவர்கள் என்று ஏளனம் செய்வது எளிது. அந்தக் கஞ்சித் தொட்டியின் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது என்பதை ஏளனம் செய்பவர்கள் சொல்ல மாட்டார்கள். நம் வட்டாரத்தின் முதல் தலைமுறை தலித் ஆசிரியர்கள், செவிலியர்கள், எழுத்தர்கள் பலருடைய குடும்பக் கதை அங்கேதான் தொடங்குகிறது. அதே நேரம் திருச்சபைக்குள்ளும் சாதி தொடர்ந்தது. கல்லறையிலும் பெண் கொடுப்பதிலும் அது தெரிந்தது. கல்வி கதவைத் திறந்தது, உள்ளே எந்த வரிசையில் உட்காருவது என்பதற்கு நாம் தனியாகப் போராட வேண்டியிருந்தது.

நாங்களும் இந்தப் பள்ளிக்கூட நகரத்தின் பிள்ளைகள்தாம். முதல் தலைமுறையாகப் படிக்க வந்து, முதுகலை முடித்து, வேலை தேடிய காலத்தில் பாளையங்கோட்டையில் வாடகை வீடு தேடி அலைந்தோம். ஒரு வீட்டில் முன்பணம் வரை பேசியாயிற்று. வீட்டுக்கார அம்மா காபி கொடுத்தார். “சொந்த ஊரு எது தம்பி?” சொன்னோம். “அங்க எந்தத் தெரு?” சொன்னோம். காபி தம்ளரை நாங்கள் வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்து, “எங்க மச்சான் குடும்பம் வருதாம், வீடு இல்ல, தப்பா எடுத்துக்கிடாதீங்க” என்றார். மூன்று மாதம் கழித்தும் அந்த வீட்டில் ‘வாடகைக்கு’ என்ற பலகை தொங்கியது. இங்கே இருப்பவர்களில் பாதிப் பேரிடம் இதே கதை இருக்கும். எந்தத் தெரு என்ற கேள்விதான் நகரத்தில் சாதி கேட்கும் முறை. கிராமத்தில் கேட்கவே தேவையில்லை, தெரியும். நகரத்தில் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். நகரமயமாதல் நமக்குத் தந்த வேறுபாடு இவ்வளவுதானா என்று அன்று யோசித்தோம்.

மலை, ஆறு, கலெக்டர் அலுவலகம்

இப்போது ஜூலை 23-க்கு வருவோம். ஆறு பிறக்கும் அதே மலையில் சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தமான காட்டில் 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை 1929-ல் 99 ஆண்டுக் குத்தகைக்கு பம்பாய் பர்மா வர்த்தகக் கழகம் பெற்றது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தோட்டங்கள் உருவாயின. அங்கே ஏற்றப்பட்ட தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் கீழே நஞ்சையிலும் புஞ்சையிலும் நிலமற்றிருந்த தலித் குடும்பங்கள். ஜமீன் ஒழிந்து நிலம் அரசுக்கு வந்தது, குத்தகை தொடர்ந்தது. நான்கு தலைமுறை தேயிலை பறித்தவர்களுக்கு அங்கே ஒரு சென்ட் நிலமும் இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். கீழே நஞ்சையில் நீருக்காக உழைத்து நிலம் இல்லாதவர்கள், மேலே நீர் பிறக்கும் இடத்தில் தேயிலைக்காக உழைத்தும் நிலம் இல்லாதவர்கள் ஆனார்கள். ஆற்றின் இரு முனைகளிலும் ஒரே மக்கள், ஒரே நிலைமை.

1990களின் இறுதியில் கூலி உயர்வு கேட்டு அவர்கள் போராடினார்கள். 650-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள், பெண்கள் உட்பட, சிறையில் அடைக்கப்பட்டார்கள். அவர்களை விடுவிக்கவும் கூலிப் பிரச்சினையைத் தீர்க்கவும் கோரி 1999 ஜூலை 23 அன்று ஜங்ஷன் ரயில் நிலையத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டி, கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தை நோக்கிப் போயிற்று.

அந்த வழியை நடந்து பாருங்கள். நகரத்தின் வரலாறு அப்படியே வரிசையாக வரும். நம் மக்கள் முதலில் கால் ஊன்றிய ஜங்ஷன், சிரஸ்தாரின் பாலம், ஆற்றின் கிழக்கே ஆட்சி அமைத்த கலெக்டர் அலுவலகம். பாலம் இறங்கியதும் ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் கட்டடங்கள். மனு கொடுக்க வேண்டிய அலுவலகம் ஆற்றை ஒட்டி நிற்கிறது. ஊர்வலத்தை மறித்துக் காவல்துறை தடியடி நடத்தியபோது பிள்ளைகளோடு வந்திருந்த கூட்டம் ஓட வேண்டிய பக்கம் ஆறாகத்தான் இருந்தது. ஆற்றில் இறங்கியவர்களும் விடப்படவில்லை என்பதை அன்றைய புகைப்படங்களும் ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த ஆவணப்படமும் காட்டின. பதினேழு பேர் இறந்தார்கள். அவர்களில் பெண்கள் இருவர், ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று.

நாங்கள் அப்போது கல்லூரி மாணவர்கள். விடுதியில் செய்தி வந்தபோது முதலில் நம்பவில்லை. ஆற்றில் இந்தப் பருவத்தில் அவ்வளவு தண்ணீரா என்று ஒரு நண்பர் கேட்டார். மூழ்கிச் செத்தார்கள் என்று சொல்லிவிடுவார்கள் பாருங்கள் என்று இன்னொருவர் அன்றே சொன்னார். அரசு அமைத்த நீதிபதி மோகன் ஆணையம் காவல்துறையின் நடவடிக்கையை நியாயப்படுத்தியது. சாவுகளில் பெரும்பகுதியை மூழ்கியதன் கணக்கில் எழுதியது. மூழ்கும் ஆழத்திற்கு அவர்களை விரட்டியது எது என்ற கேள்வி விடையில்லாமல் நிற்கிறது.

2024-ல் தோட்ட நிர்வாகம் விருப்ப ஓய்வு என்ற பெயரில் தொழிலாளர்களை வெளியேற்றத் தொடங்கியது. குத்தகை 2028-ல் முடியும். காடு காடாக வேண்டும் என்பதை நாம் எதிர்க்கவில்லை. நூறு ஆண்டு காலம் அந்தக் காட்டை அழித்து ஆதாயம் பார்த்தவர் கணக்கை முடித்துக்கொண்டு போகிறார், கொழுந்து பறித்தவர் எங்கே போவது என்பதே கேள்வி. மலையிலிருந்து இறக்கப்படுகிறவர்கள் மறுபடியும் இதே சமவெளிக்கு, இதே நகரத்தின் ஓரத்திற்குத்தான் வருகிறார்கள்.

மாநகரத்தின் தாழ்ந்த பகுதிகள்

1994-ல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளும் தச்சநல்லூரும் இணைந்து மாநகராட்சி ஆயின. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 4 லட்சத்து 70 ஆயிரத்தைத் தாண்டியது. 2017-ல் நகரம் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம்பெற்றது. நஞ்சை மனையானது. குளக்கரைகள் சாலையாயின. பாளையங்கால்வாய் நகருக்குள் வரும்போது சாக்கடையைச் சுமக்கிறது.

வயல் மனையானபோது நடந்ததைச் சமூகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டும். பட்டா வைத்திருந்தவர் விற்றார், பணம் பெற்றார். அந்த வயலில் தலைமுறையாக உழைத்தவருக்கு விற்க ஒன்றுமில்லை. வேலையும் போயிற்று. நகர வளர்ச்சியின் முதல் லாபம் பழைய மிராசுக் கணக்கின்படியே பங்கிடப்பட்டது. பிறகு அந்த மனைகளில் வீடு கட்ட சித்தாளாகவும் கொத்தனாராகவும் அதே குடும்பங்கள் போயின.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் ஆறு கலெக்டர் அலுவலகத்தையும் ஜங்ஷனையும் சூழ்ந்தது. மீனாட்சிபுரம், கைலாசபுரம், சிந்துபூந்துறை என்று கரையோரம் எல்லாம் நீர். வெள்ளம் எல்லோருக்கும் பொது என்றார்கள். வெள்ளம் தாழ்ந்த இடத்தைத் தேடிப் போகிறது. தாழ்ந்த இடத்தில் யாரைக் குடியமர்த்தியிருக்கிறது நகரம் என்பது வெள்ளம் வருவதற்கு முன்பே தீர்மானிக்கப்பட்ட ஒன்று. நீர் வடிந்ததும் சேற்றையும் செத்த மாடுகளையும் அள்ளியவர்கள் யார் என்பதும் அப்படித்தான்.

பள்ளிகளிலோ மாணவர்கள் மணிக்கட்டில் சாதிவாரியாக வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்க 2019-ல் கல்வித்துறை சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. 2023-ல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்களும் மாணவர்கள். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-ல் அறிக்கை தந்தது. அந்தப் பரிந்துரைகளை ஒவ்வொரு பள்ளியிலும் கேட்டு வாங்கும் வேலை நமக்கு இருக்கிறது. ஆக்ஸ்போர்டு என்று பெருமை பேசும் மாவட்டத்திற்கு இதைவிட அவசரமான பாடத்திட்டம் இல்லை.

நாம் செய்யக்கூடியது

இந்த நகரத்தில் பெயர்கள் நிறைய. பாலத்துக்குப் பெயர் இருக்கிறது. கலெக்டர் ஆஷை 1911-ல் சுட்ட வாஞ்சியின் பெயர் மணியாச்சி ரயில் நிலையத்துக்கு இருக்கிறது. ஆற்றில் இறந்த பதினேழு பேருக்கு நினைவுச் சின்னம் வேண்டும் என்று ஆண்டுதோறும் கேட்டுவருகிறோம். அதுவரை, காவல்துறை ஒவ்வொரு அமைப்புக்கும் ஒதுக்கும் நேரத்தில் போய் ஆற்றில் மலர் தூவிவிட்டு வருகிறோம். நீர் அந்தப் பூக்களை உடனே கொண்டுபோய்விடுகிறது.

எழுத்தில் சில அடிகள் எடுத்து வைத்திருக்கிறோம். மாரி செல்வராஜ் தமது சிறுகதைத் தொகுப்புக்குத் ‘தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்’ என்று பெயர் வைத்தார். நெல்லை இலக்கியத்தில் இந்த ஆறு படித்துறைகளின் அழகாக, மாலை வெயிலாக நெடுங்காலம் வந்திருக்கிறது. அந்த அழகு பொய்யல்ல. கடைசித் துறையிலிருந்து பார்த்தவர்களின் ஆறும் இப்போது எழுதப்படுகிறது.

மாணவர்களிடம் மூன்று வேலைகளை வைக்கிறோம். முதலாவது, உங்கள் குடியிருப்பு எப்போது, எந்த நிலத்தில், யார் உத்தரவால் அமைந்தது என்று கண்டுபிடியுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் ‘அ’ பதிவேடு இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள். 1892 அரசாணையின்படி தரப்பட்ட பஞ்சமி நிலம் உங்கள் ஊரில் இருந்ததா, இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டாவது, மடை திறந்தவர்கள், தோட்டத்திலிருந்து இறங்கியவர்கள், நகராட்சித் துப்புரவுப் பணியில் ஓய்வு பெற்றவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களின் பேச்சைப் பதிவு செய்யுங்கள், இன்னும் பத்து ஆண்டு கழித்துக் கேட்க ஆள் இருக்காது. மூன்றாவது, அடுத்த ஜூலை 23-க்கு முன்பாக ஜங்ஷனிலிருந்து கொக்கிரகுளம் வரை ஒரு முறை மெதுவாக நடந்து போங்கள். ஒவ்வொரு இடத்திலும் நின்று, இது எப்போது கட்டப்பட்டது, யார் கட்டினார், யார் மண் சுமந்தார் என்று கேளுங்கள். விடை கிடைத்ததை எழுதிக் கொண்டுவாருங்கள். அடுத்த ஆண்டு இந்த மேடையில் நாங்கள் பேச வேண்டாம், நீங்கள் எழுதியதை வாசிப்போம்.